தூக்குக் கயிறும் கொலைக் கணக்கும்

மரண தண்டனை பற்றிய விவாதத்தில் இரண்டு கேள்விகள் எப்போதும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கொலை செய்தவர் உயிரோடு இருக்கலாமா என்பது முதல் கேள்வி. இது நீதியும் அறமும் சார்ந்தது. எத்தனை புள்ளிவிவரங்களைக் குவித்தாலும் இதற்கு விடை கிடைக்காது. ஒருவரைத் தூக்கிலிடுவதால் வேறெங்கோ நடக்கவிருந்த ஒரு கொலை நடக்காமல் போகிறதா என்பது இரண்டாவது கேள்வி. இது உலக நடப்பைப் பற்றியது. இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஏதோ ஒரு விடை உண்டு. அதை அளந்து பார்க்கும் முயற்சியும் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது இரண்டாவது கேள்வியை மட்டும்தான்.

அந்தக் கேள்வியையும் துல்லியமாகக் கேட்க வேண்டும். மரண தண்டனையைக் கைவிட்ட எந்த நாடும் கொலையாளிகளைச் சும்மா விட்டுவிடுவதில்லை. பல்லாண்டுச் சிறையோ ஆயுள் சிறையோ அங்கே உண்டு. ஆகவே தூக்குத் தண்டனைக்கும் தண்டனையே இல்லாமைக்கும் இடையிலான ஒப்பீடு பொருளற்றது. நீண்ட சிறைவாசம் தரும் அச்சத்துக்கு மேல் தூக்குக் கயிறு கூடுதலாக எவ்வளவு அச்சம் தருகிறது, அந்தக் கூடுதல் அச்சம் எத்தனை கொலைகளைத் தடுக்கிறது என்பதே அளக்க வேண்டியது. ‘தூக்கு இல்லையென்றால் யாருக்குத்தான் பயமிருக்கும்’ என்று கேட்பவர், இருபது ஆண்டுச் சிறைக்கு அஞ்சாத ஒருவர் தூக்குக்கு மட்டும் அஞ்சுவார் என்பதைக் காட்டியாக வேண்டும். மேடைப் பேச்சுகளில் இந்த வேறுபாடு அநேகமாகக் காணாமல் போய்விடுகிறது.

தண்டனை எப்படி அச்சமூட்டுகிறது என்பதைப் பற்றிய முறையான சிந்தனை இத்தாலியில் தொடங்கியது. மிலான் நகரத்தைச் சேர்ந்த செசாரே பெக்காரியா 1764இல், தமது இருபத்தாறாம் வயதில், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூலை வெளியிட்டார். தண்டனையின் ஆற்றலை மூன்று கூறுகள் தீர்மானிக்கின்றன என்பது அவரிடமிருந்து வளர்ந்த கருத்து. அகப்பட்டே தீருவோம் என்ற உறுதி ஒன்று. குற்றத்தை அடுத்து விரைவாகத் தண்டனை வருவது ஒன்று. தண்டனையின் கடுமை மற்றொன்று. இவற்றில் கடுமையைவிட உறுதிக்கே வலிமை அதிகம் என்று பெக்காரியா வாதிட்டார். ஒரு கண நேரத்தில் முடிந்துவிடும் மரணக் காட்சியைவிட, வாழ்நாள் முழுதும் சுதந்திரம் இழந்து உழைக்கும் மனிதனின் தோற்றமே மற்றவர்களை நீண்ட காலம் அச்சுறுத்தும் என்பதும் அவர் கருத்து. அவர் நூலின் தாக்கத்தில் டஸ்கனி நாட்டின் ஆட்சியாளர் லியோபோல்ட் 1786இல் மரண தண்டனையையே நீக்கினார்.

பெக்காரியா சொன்னது வெறும் ஊகமாக இருக்கலாம். ஆனால் அதே காலத்தில் இங்கிலாந்து, அவருடைய கருத்தைத் தன்னையறியாமலே சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடுமை உறுதியைத் தின்ற கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் சட்டத்தில் மரண தண்டனைக்குரிய குற்றங்கள் இருநூறுக்கு மேல் இருந்தன. கொலைக்கு மட்டுமன்றி, ஆடு திருடினாலும், கடையில் ஐந்து ஷில்லிங் பெறுமானப் பொருளைத் தூக்கினாலும், ஒரு வீட்டிலிருந்து நாற்பது ஷில்லிங் பெறுமானமுள்ள பொருளை எடுத்தாலும் தூக்குதான். பொது இடத்தில், பெருங்கூட்டத்தின் முன் தண்டனை நிறைவேறும். ஜேப்படித் திருட்டும் 1808 வரை இப்பட்டியலில் இருந்தது. தூக்கைப் பார்க்கக் கூடிய கூட்டத்திலேயே ஜேப்படித் திருடர்கள் கைவரிசை காட்டினார்கள் என்பது அந்தக் காலத்தில் அடிக்கடி எழுந்த புலம்பல்.

அச்சமூட்டும் சட்டம் அச்சமூட்டத் தவறியதற்குக் காரணம் ஜூரிகளின் மனநிலையில் இருக்கிறது. சில பொருள்களைத் திருடிய ஒரு வேலைக்காரப் பெண்ணைத் தூக்குக்கு அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே நாற்பது ஷில்லிங்கைத் தாண்டிய பொருளையும் முப்பத்தொன்பது ஷில்லிங் என்று மதிப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்கள். ஒரு ஷில்லிங் குறைந்ததும் உயிர் தப்பியது. வில்லியம் பிளாக்ஸ்டன் என்ற சட்ட அறிஞர் இதைப் பக்தி கலந்த பொய்ச் சத்தியம் என்ற பொருளில் குறிப்பிட்டார். பலர் முற்றாகவே விடுவிக்கப்பட்டார்கள்; தண்டனை பெற்றவர்களிலும் பெரும்பாலோர் மன்னிப்புப் பெற்றுக் கடல் கடத்தப்பட்டார்கள். இதன் உச்சம் 1830இல் வந்தது. கள்ளக் கையொப்பம், கள்ள ஆவணக் குற்றங்களுக்கான மரண தண்டனையை நீக்கும்படி இங்கிலாந்தின் பல நகரங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான வங்கியாளர்கள் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்தார்கள். இவர்கள் கருணையால் உந்தப்பட்ட சீர்திருத்தவாதிகள் அல்லர்; பணத்தைப் பறிகொடுத்தவர்கள். தூக்கு என்று சட்டம் இருக்கும்வரை சாட்சி சொல்லவும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவும் ஆள் கிடைப்பதில்லை, அதனால் மோசடிக்காரர்கள் தப்புகிறார்கள் என்பதே அவர்களின் முறையீடு. கடுமையைக் கூட்டினால் உறுதி குறையும் என்பதற்கு இதைவிடப் பாரபட்சமற்ற சாட்சிகளைத் தேடிப் பிடிப்பது கடினம்.

ஒரு தூக்கு, எட்டு உயிர்

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி எண்களின் மொழிக்கு மாறியது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் மரண தண்டனை இருந்தது, சிலவற்றில் இல்லை. மிச்சிகன் 1846இலேயே கொலைக்கான மரண தண்டனையை நீக்கிவிட்டது. அதையொட்டிய ஒகையோவும் இண்டியானாவும் வைத்திருந்தன. சமூகவியலாளர் தார்ஸ்டன் செலின் 1950களில் இப்படி அடுத்தடுத்த மாநிலங்களை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே வட்டாரத்து மாநிலங்களின் கொலை விகிதங்கள் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின; தூக்கு இருப்பதும் இல்லாததும் அதில் தடம் பதிக்கவில்லை.

இந்த முடிவைக் கலைத்தவர் பொருளியலாளர் ஐசக் எர்லிக். குற்றம் செய்பவரும் ஆதாயத்தையும் ஆபத்தையும் கணக்கிட்டே செயல்படுகிறார் என்று கேரி பெக்கர் 1968இல் ஒரு கோட்பாட்டை வகுத்திருந்தார். அந்த வழியில் எர்லிக் 1933 முதல் 1969 வரையிலான அமெரிக்கத் தரவுகளை எடுத்து, வேலையின்மை, வருமானம், இளைஞர் தொகை முதலியவற்றின் பங்கைக் கழித்துவிட்டு, தூக்குக்கும் கொலைக்கும் உள்ள உறவைச் சமன்பாடுகளில் கணக்கிட்டார். 1975இல் வெளியான அவர் கட்டுரையின் முடிவு நாடெங்கும் பரவியது: ஒவ்வொரு மரண தண்டனை நிறைவேற்றமும் ஏழெட்டுக் கொலைகளைத் தடுத்திருக்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் மரண தண்டனைச் சட்டங்களை முடக்கியிருந்த காலம் அது. அரசின் சொலிசிட்டர் ஜெனரல் ராபர்ட் போர்க் இந்த ஆய்வை நீதிமன்றத்தின் முன் வைத்தார். 1976இல் நீதிமன்றம் மரண தண்டனைக்கு மீண்டும் வழிவிட்டது.

பிற ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்துக் கணக்கைத் திரும்பப் போட்டபோது விரிசல் தெரிந்தது. 1962க்குப் பின் வந்த ஆண்டுகளை நீக்கினால், எர்லிக் கண்ட விளைவு மறைந்துபோனது. அதாவது முப்பது ஆண்டுத் தரவில் இல்லாத உறவை, கடைசி ஏழு ஆண்டுகள் மட்டும் சுமந்துகொண்டிருந்தன. அந்த ஏழு ஆண்டுகளில் என்ன நடந்தது? 1962இல் 47 பேருக்கு நிறைவேறிய மரண தண்டனை 1967இல் இரண்டாகச் சுருங்கி, 1968இல் நின்றேவிட்டது. அதே காலத்தில் லட்சம் பேருக்கு 4.6ஆக இருந்த கொலை விகிதம் 1969இல் 7.3ஆக ஏறியது. ஒன்று இறங்க மற்றொன்று ஏறியதால், ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று சமன்பாடு படித்துவிட்டது. ஆனால் வழிப்பறி, கார் திருட்டு போன்று தூக்குக்குத் தொடர்பே இல்லாத குற்றங்களும் அந்த ஆண்டுகளில் ஏறின. நெடுங்காலமாகத் தூக்கே இல்லாத மாநிலங்களிலும் கொலை கூடியது. போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை இளமையை எட்டியதும், நகரங்கள் கொந்தளித்ததும் அந்த ஆண்டுகளில்தான். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழு 1978இல் இந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, மரண தண்டனையின் தடுப்பு விளைவு பற்றி இவற்றிலிருந்து பயனுள்ள சான்று எதுவும் கிடைக்கவில்லை என்று அறிவித்தது.

கதை அத்தோடு முடியவில்லை. கணினி வலுவும் மாவட்ட வாரியான தரவுகளும் பெருகியபின் 2000களின் தொடக்கத்தில் இரண்டாவது அலை எழுந்தது. ஒரு தூக்கு சராசரியாகப் பதினெட்டு உயிர்களைக் காக்கிறது என்றது 2003இல் வெளியான ஓர் ஆய்வு. எர்லிக்கின் எட்டு, இருபத்தெட்டே ஆண்டுகளில் பதினெட்டாகிவிட்டது. ஜான் டொனஹியூ, ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற இருவர் 2005இல் இந்த ஆய்வுகளின் தரவுகளையே வாங்கி, நியாயமான சிறு மாற்றங்களைச் செய்து மீண்டும் கணக்கிட்டார்கள். ஒரு சில மாநிலங்களை விலக்கினாலும், சமன்பாட்டில் ஒரு மாறியைச் சற்று மாற்றி வரையறுத்தாலும், உயிர் காப்பதாகச் சொன்ன அதே தரவு உயிர் போக்குவதாகச் சொல்லத் தொடங்கியது. தொட்டால் திசை மாறும் இத்தகைய எண்ணை எந்த அறிவியலும் கண்டுபிடிப்பு என்று ஏற்பதில்லை.

எண்கள் ஏன் இப்படி ஆடுகின்றன என்பதற்கு எளிய காரணம் உண்டு. அமெரிக்காவில் மரண தண்டனை மீண்டும் வந்தபின் மிக அதிகமாக நிறைவேறிய ஆண்டு 1999. அந்த ஆண்டில் 98 பேர். அதே ஆண்டு நடந்த கொலைகள் ஏறத்தாழ பதினைந்தாயிரம். போதைப்பொருள் சந்தை, துப்பாக்கிப் புழக்கம், காவலர் எண்ணிக்கை, வேலைவாய்ப்பு ஆகியவற்றால் கொலைக் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு ஆயிரக்கணக்கில் மேலும் கீழும் போய்வருகிறது. திருவிழாக் கூட்டத்தின் இரைச்சலில் ஒருவருடைய முணுமுணுப்பைக் கேட்க முயல்வது போன்ற வேலை இது. காதுக்கு எட்டாததால் அவர் பேசவில்லை என்று சொல்லவும் முடியாது, பேசியது இன்னதுதான் என்று சாதிக்கவும் முடியாது.

மருத்துவத்தில் ஒரு மருந்தைச் சோதிக்க நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிப்பார்கள். எந்த மாநிலத்தில் தூக்கு, எந்த மாநிலத்தில் சிறை என்று சீட்டுப் போட்டுத் தீர்மானிக்க எவராலும் முடியாது. இன்னொரு சிக்கல், காரணமும் விளைவும் இடம் மாறுவது. கொலை பெருகினால் மக்கள் கொதித்துக் கடுமையான சட்டம் கேட்கிறார்கள்; அப்போது கொலைதான் தூக்கைக் கூட்டுகிறதே தவிர, தூக்கு கொலையைக் குறைக்கவோ கூட்டவோ செய்ததாகாது. மேலும், தூக்கு அச்சுறுத்த வேண்டுமானால் அச்சுறுத்தப்படுபவருக்கு அந்த ஆபத்து எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். 1973 முதல் 2009 வரை அமெரிக்காவில் மரண தண்டனை பெற்றவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கே அந்த இறுதி ஆண்டுக்குள் தண்டனை நிறைவேறியது. இந்த விகிதம் தெருவில் கத்தியோடு நிற்பவருக்குத் தெரியும் என்று பல ஆய்வுகள் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டன.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வு மன்றம் 2012இல் இரண்டாம் முறையாகத் தீர்ப்புச் சொன்னது. முப்பதாண்டுக்கு மேற்பட்ட ஆய்வுகள் அனைத்தையும் பார்த்துவிட்டு, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, ஒன்றுமே செய்வதில்லையா என்பதை இவை சொல்லவில்லை; ஆகவே கொள்கை முடிவெடுக்க இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்றது. குழு காட்டிய இரண்டு பெருங்குறைகளில் ஒன்று, கொலையாளிகள் ஆபத்தை எப்படி உணர்கிறார்கள் என்பது பற்றிய ஆதாரமற்ற ஊகம். மற்றொன்று, மாற்றுத் தண்டனையாகிய நீண்ட சிறையின் விளைவைக் கணக்கில் சேர்க்காமை. இந்தத் தீர்ப்பை இரு தரப்பும் தமக்கு வசதியாகத் திரித்துக்கொள்வதுண்டு. தடுப்பு விளைவு கிடையாது என்று குழு சொல்லவில்லை. உண்டு என்று எவரும் இதுவரை காட்டவில்லை என்றது.

நாடுகள் செய்த சோதனைகள்

சமன்பாடுகள் கைவிரித்தாலும் நாடுகளின் அனுபவம் மிச்சமிருக்கிறது. கனடாவில் கடைசியாக 1962இல் தூக்கு நிறைவேறியது. 1976இல் கொலைக்கான மரண தண்டனை சட்டத்திலிருந்தே நீங்கியது. அப்போது லட்சம் பேருக்கு மூன்றையொட்டி இருந்த கொலை விகிதம், நூற்றாண்டு முடிவதற்குள் இரண்டுக்குக் கீழே இறங்கியது. அண்டை நாடான அமெரிக்கா அதே காலத்தில் எதிர்த்திசையில் போய் மரண தண்டனையை மீட்டுக்கொண்டது. ஆனாலும் இரு நாடுகளின் கொலை வரைபடங்களும், உயரம் வேறானாலும், ஒரே வடிவில் ஏறி இறங்கின.

சிங்கப்பூரையும் ஹாங்காங்கையும் வைத்து ஃபிராங்க்ளின் ஜிம்ரிங், ஜெஃப்ரி ஃபேகன், டேவிட் ஜான்சன் ஆகியோர் செய்த ஒப்பீடு இன்னும் நேர்த்தியானது. இரண்டும் துறைமுக நகரங்கள், பிரிட்டிஷ் சட்ட மரபுடையவை, நெருக்கமும் செழிப்பும் கொண்டவை. ஹாங்காங்கில் 1966க்குப் பின் தூக்கு நடக்கவில்லை; 1993இல் சட்டமும் போனது. சிங்கப்பூரிலோ 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் ஆண்டுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டார்கள். மக்கள்தொகைக்கு இது உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. பிறகு அந்த எண்ணிக்கை பத்தாண்டுக்குள் ஒற்றை இலக்கத்துக்குச் சரிந்தது. தூக்கு ஏறியபோதும் சரி, சரிந்தபோதும் சரி, இரு நகரங்களின் கொலை விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இறங்கிவந்தது. சிங்கப்பூரில் தூக்கிலிடப்பட்டோரில் பெரும்பாலோர் போதைப்பொருள் வழக்கினர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கொலையோடு ஒப்பிடும்போது இது ஆய்வின் வலுவைச் சற்றுக் குறைக்கிறது.

தமிழ் நிலத்தை ஒட்டியும் ஒரு சோதனை நடந்திருக்கிறது. அன்றைய நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் உள்ளிட்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், சித்திரைத் திருநாள் மகாராஜா 1944இல் மரண தண்டனையை நீக்கினார். இந்திய யூனியனோடு இணைந்தபின், 1950இல் இந்தியச் சட்டத்தோடு தூக்கும் திரும்பி வந்தது. இந்திய விவாதங்களில் பலமுறை எடுத்துக்காட்டப்படும் கணக்கின்படி, தூக்கு இல்லாத 1945 முதல் 1950 வரை அங்கே 962 கொலைகள். தூக்கு திரும்பிய 1950 முதல் 1955 வரை 967 கொலைகள். இந்த இரண்டு எண்களை வைத்துக்கொண்டு பெரிய முடிவு எதையும் கட்ட முடியாது. ஆனால் தூக்கு நீங்கினால் பிணங்கள் குவியும் என்ற அச்சம் அங்கே மெய்ப்படவில்லை என்பது மட்டும் தெளிவு.

இலங்கையின் அனுபவம் வேறு விதமானது. பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவின் அரசு 1958இல் மரண தண்டனையை நிறுத்திவைத்து, அதன் விளைவை ஆராய ஆஸ்திரேலியச் சட்ட அறிஞர் நோர்வல் மாரிஸ் தலைமையில் ஆணையம் ஒன்றை அமைத்தது. நிறுத்திவைப்பைத் தொடரலாம் என்றது அந்த ஆணையம். ஆனால் 1959 செப்டம்பரில் பண்டாரநாயக்காவே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆணையத்தின் ஆய்வை எவரும் மறுக்கவில்லை. நாட்டின் சினம் அதை ஓரங்கட்டியது. மரண தண்டனை மீட்கப்பட்டு, சுட்டவர் 1962இல் தூக்கிலிடப்பட்டார். அந்நாட்டில் கடைசித் தூக்கு நிறைவேறியது 1976இல்.

எதிர்த்தரப்பின் சாட்சியையும் சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 1964இல் கடைசித் தூக்கு நடந்தது. 1965இல் கொலைக்கான மரண தண்டனை நிறுத்தப்பட்டது. அடுத்த பல பத்தாண்டுகளில் அங்கே கொலை கூடவே செய்தது. மரண தண்டனை ஆதரவாளர்கள் இதைச் சுட்டுவது இயல்பு. ஆனால் திருட்டும் அடிதடியும் கொலையைவிட வேகமாக அந்நாட்டில் அதே காலத்தில் கூடின. அவற்றுக்கு அந்த நூற்றாண்டில் முன்பும் தூக்கு இருந்ததில்லை. நியூயார்க் நகரத்தில் இதற்கு நேரெதிர்: 1963க்குப் பின் அந்த மாநிலத்தில் எவருக்கும் மரண தண்டனை நிறைவேறவில்லை, ஆனாலும் 1990இல் 2,245ஆக இருந்த நகரக் கொலைகள் 1998இல் 633ஆகக் குறைந்தன. கொலையை ஏற்றுவதும் இறக்குவதும் வேறு எவையோ என்பதைத்தான் இரண்டு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

இந்தியாவின் எண்களும் அப்படியே. 2004 ஆகஸ்டுக்கும் 2012 நவம்பருக்கும் இடையே எட்டாண்டுக்கு மேல் நாட்டில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. தமிழ்நாட்டில் கடைசித் தூக்கு 1995இல் சேலம் மத்திய சிறையில் நடந்தது. 1992இல் லட்சம் பேருக்கு 4.6ஆக இருந்த நாட்டின் கொலை விகிதம் 2013இல் 2.7ஆகவும் 2022இல் 2.1ஆகவும் இறங்கியிருக்கிறது.

கொலை நடக்கும் கணம்

தடுப்பு விளைவு ஏன் தென்படவில்லை என்பதற்குக் கொலை எப்படி நடக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. அவற்றில் 9,962க்குக் காரணம் தகராறு. 3,761க்குக் காரணம் முன்விரோதம். பொருளாசைக்காக நடந்தவை 1,884. நிலத்தகராறு, குடும்பச் சண்டை, குடிபோதையில் வாய்ப்பேச்சு முற்றிக் கைகலப்பானது என்று செய்தித்தாள்களில் தினமும் நான்கு வரியில் வருபவை இவை. வெட்டரிவாள் உயரும் கணத்தில் தண்டனைச் சட்டத்தின் பிரிவு எண் எவர் நினைவுக்கும் வருவதில்லை. ஆயுள் தண்டனை நினைவுக்கு வராதபோது தூக்கு மட்டும் வருமென்று எதிர்பார்க்க முடியாது.

திட்டமிட்டுக் கொல்பவர் வேறு வகை. கூலிப்படையினர், சொத்துக்காக நஞ்சு வைப்பவர் ஆகியோர் உண்மையிலேயே கணக்குப் போடுகிறார்கள். ஆனால் அவர்கள் போடுவது அகப்படாமலிருப்பதற்கான கணக்கு. பிணத்தை எங்கே மறைப்பது, கைப்பேசியை எங்கே விட்டுச் செல்வது, யாரைச் சரணடையச் செய்வது என்பதில் போகிறது அவர்களுடைய புத்தி. மாட்டவே மாட்டோம் என்று நம்புகிறவருக்கு மாட்டினால் என்ன தண்டனை என்பது இரண்டாம்பட்சம். மூன்றாம் வகை, சாகத் துணிந்தே கொல்ல வருபவர்கள். தற்கொலைப் படையினரை மரணத்தைக் காட்டி மிரட்ட முடியாது.

அகப்படுவோம் என்ற அச்சம் வேலை செய்கிறது என்பதற்கு, தூக்கு விஷயத்தில் கிடைக்காத தெளிவோடு சான்றுகள் உண்டு. ஜெர்மானியப் படை 1944 செப்டம்பரில் டென்மார்க்கின் காவல் படையையே கைது செய்தது. தண்டனைகள் அப்படியே இருந்தன, பிடிக்கத்தான் ஆளில்லை; வழிப்பறிகள் பல மடங்கு பெருகின. குற்றவாளி யாரென்று தானே தெரிந்துவிடும் கையாடல், மோசடி போன்றவை அப்படிப் பெருகவில்லை. அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் 1994 ஜூலையில் யூத சமூக மையம் குண்டுவெடிப்பில் தகர்ந்ததும், நகரெங்கும் உள்ள யூத நிறுவனங்களின் வாசலில் இரவு பகலாகக் காவலர் நிறுத்தப்பட்டார்கள். குற்றத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத காரணத்தால் சில தெருக்களுக்கு மட்டும் காவல் கிடைத்தது. ஆய்வாளருக்கு இது கிடைத்தற்கரிய வாய்ப்பு. அந்தத் தெருக்களில் கார் திருட்டு நான்கில் மூன்று பங்கு குறைந்தது. இரண்டு தெரு தள்ளி எந்த மாற்றமும் இல்லை. குற்றவியல் அறிஞர் டேனியல் நேகின் உள்ளிட்டோர் இத்தகைய சான்றுகளைத் தொகுத்துப் பார்த்து, தண்டனையின் கடுமையைவிடப் பிடிபடும் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். பெக்காரியா 1764இல் சொன்னதும் இதைத்தான்.

இந்த அளவுகோலில் இந்திய மரண தண்டனை எங்கே நிற்கிறது? கொலை வழக்குகளில் விசாரணை முடிந்து தண்டனை கிடைப்பது பாதிக்கும் குறைவானவற்றில். 1980இன் பச்சன் சிங் தீர்ப்புக்குப் பின் தூக்கு என்பது அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டும். விசாரணை நீதிமன்றம் விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். பிறகு உச்ச நீதிமன்றம், மறுஆய்வு, கருணை மனு. தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, பதினைந்தாண்டுக் காலத்தில் விசாரணை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளில் மேல்முறையீடுகளைக் கடந்து நின்றவை நூற்றுக்கு ஐந்தும் இல்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கே இதற்குக் கண்கண்ட எடுத்துக்காட்டு. பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, மூவருக்கு ஆயுளாக்கி, நால்வருக்கு மட்டும் தூக்கை உறுதி செய்தது. ஒருவருக்கு 2000இல் ஆளுநர் குறைத்தார். மற்ற மூவருக்கு, கருணை மனுவில் முடிவெடுக்க ஏற்பட்ட நீண்ட தாமதத்தால் 2014இல் உச்ச நீதிமன்றம் குறைத்தது. ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. இந்தத் தடைகளையெல்லாம் நீக்கிவிட்டால் தூக்கு உறுதியாகிவிடுமே என்று கேட்பவர்கள், அப்படி நீக்கியிருந்தால் விடுவிக்கப்பட்ட அந்தப் பத்தொன்பது பேரும் தூக்கிலிடப்பட்டிருப்பார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எஞ்சிய வாதங்கள்

தூக்கிலிடப்பட்டவர் மீண்டும் கொல்ல மாட்டார் என்பது உண்மை. ஆனால் இங்கும் ஒப்பீடு சிறையோடுதான். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உயிர் தப்பியவர்களில் 558 பேரை இரு ஆய்வாளர்கள் பதினைந்தாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் அனைவராலும் பின்னர் நேர்ந்த கொலைகள் ஏழு, பெரும்பாலானவை சிறைக்குள்ளேயே. அந்த 558 பேரில் நால்வர் குற்றமே செய்யாதவர்கள் என்று பின்னர் தெரியவந்தது.

தூக்கு கொலையைக் கூட்டுகிறது என்ற எதிர்வாதமும் உண்டு. அரசே கொல்வதைப் பார்த்து வன்முறை பழகுகிறது என்பது அதன் சாரம். நியூயார்க் மாநிலத்தில் 1907 முதல் 1963 வரையிலான தரவில், மரண தண்டனை நிறைவேறியதற்கு அடுத்த மாதம் கொலைகள் சற்றுக் கூடின என்றார்கள் பவர்ஸ், பியர்ஸ் என்ற ஆய்வாளர்கள். லண்டனின் பழைய தரவில், பேர்போன கொலையாளிகள் தூக்கிலிடப்பட்டதும் இரண்டு வாரம் கொலை குறைந்து, பிறகு அதே அளவுக்கு ஏறி ஈடுகட்டியது என்று டேவிட் பிலிப்ஸ் என்ற ஆய்வாளர் கண்டார். இவையும் முன்சொன்ன சிக்கல்களிலிருந்து தப்பியவை அல்ல. கொலையைக் கூட்டுகிறது என்பதற்கும் நம்பத்தக்க சான்று இல்லை.

கவலைக்குரியது வேறொன்று. சிறு குற்றத்துக்கும் பெருங்குற்றத்துக்கும் ஒரே தண்டனை என்றால், சிறியதோடு நிறுத்திக்கொள்ளக் காரணம் இல்லாமல் போகிறது. வழிப்பறிக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை உள்ள நாட்டில் வழிப்பறிக்காரர்கள் தவறாமல் கொல்கிறார்கள் என்று அக்கால ரஷ்யாவைக் காட்டி மாண்டெஸ்கியூ 1748இலேயே எழுதினார். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுமியரைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினால் மரண தண்டனை வரை விதிக்கலாம் என்று இந்தியா 2018இல் சட்டம் திருத்தியபோது, இதே அச்சம் குழந்தை உரிமைத் துறையினரிடம் எழுந்தது. ஒரே சாட்சி அந்தக் குழந்தை; கொன்றாலும் கொல்லாவிட்டாலும் தூக்குதான் என்றால் குழந்தையின் உயிருக்கு ஆபத்து கூடலாம். இத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்படுவோர் பத்தில் ஒன்பதுக்கு மேல் உறவினர், அண்டை வீட்டார், தெரிந்தவர். மாமனோ சித்தப்பாவோ தூக்கிலேறுவார் என்றால் புகாரை அமுக்கிவிடக் குடும்பம் முனையும். 1830இல் இங்கிலாந்து வங்கியாளர்கள் முறையிட்ட அதே சிக்கல்தான் இது.

இந்தியச் சட்ட ஆணையம் 1967இல் அளித்த முப்பத்தைந்தாவது அறிக்கையில், நாட்டின் நிலைமையைச் சொல்லி மரண தண்டனை தொடரட்டும் என்றது. நீதிபதி ஏ. பி. ஷா தலைமையில் 2015இல் வந்த 262ஆவது அறிக்கை, ஆயுள் தண்டனையைவிடக் கூடுதலான தடுப்பு விளைவு மரண தண்டனைக்கு இல்லை என்று கூறி, பயங்கரவாதக் குற்றங்களையும் அரசுக்கு எதிரான போரையும் தவிர மற்ற அனைத்துக்கும் அதை நீக்கப் பரிந்துரைத்தது. சட்டமோ மறுதிசையில் சென்றது. 2018இன் திருத்தத்தை அடுத்து, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டம், கும்பல் கொலைக்கும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள் மீதான கூட்டுப் பாலியல் வன்முறைக்கும் மரண தண்டனைக்கு இடமளிக்கிறது. 2018 ஏப்ரலில் சிறுமியர் வழக்குகளுக்கான அவசரச் சட்டம் வந்த சில நாள்களுக்குள், மரண தண்டனை இக்குற்றத்தைத் தடுக்கும் என்பதற்கு ஏதேனும் ஆய்வோ அறிவியல் மதிப்பீடோ செய்யப்பட்டதா என்று தில்லி உயர் நீதிமன்றம் மத்திய அரசைக் கேட்டது. தூக்கைப் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு சட்டத்திடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.